குளிராத கால்

எனக்குக் குளிர்வதில்லை என்பதில் அந்தக் காலத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. உடம்பு முழுவதற்கும் அல்ல. கைவிரல்கள் எல்லோருக்கும் போலவே விறைக்கும். இடது காலும் விறைக்கும். வலது கால் மட்டும் மழையிலும் பனியிலும் தன்பாட்டில் பெடலை மிதித்துக்கொண்டிருக்கும். அது பலம் என்று நினைத்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மயிலிட்டிப் பக்கத்துக் கடற்கரையில் எங்கள் வீடு. அப்பாவும் அண்ணைமாரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் கால் வைத்தாலே வயிற்றைப் பிரட்டும். அதனால் திருநெல்வேலிக்குக் கிட்ட ஒரு மரக்காலையில் வேலைக்குச் சேர்ந்தேன். வந்திறங்கும் மரங்களை நீளம் பார்த்து அடுக்குவதும், அறுத்த பலகைகளில் நீலப் பென்சிலால் அளவு எழுதுவதும் என் வேலை. அங்கேயே மரம் அறுக்கும் பகுதியில் வேலை செய்த ஒருவன் எங்கள் கரையைச் சேர்ந்தவன். எங்கள் வீடு பிள்ளையார் கோயிலடி, அவனுடையது மாதா கோயிலடி. இரண்டு பிள்ளைகளின் தகப்பன். நாங்கள் இரண்டு பேரும் விடிய எழும்பிப் பலாலி வீதியால் சைக்கிளில் ஒன்றாகப் போவோம்.

யாழ்ப்பாணத்தில் என்ன குளிர் என்று கேட்கிறவர்கள் மார்கழியில் ஒருநாள் அந்த வீதியில் சைக்கிள் ஓடிப் பார்க்க வேண்டும். வசாவிளானைத் தாண்டினால் இரண்டு பக்கமும் தோட்டவெளி. வாடைக்காற்றை மறிக்க ஒரு மதில்கூட இல்லை. அதோடு மழை தூறினால் ஹான்டிலைப் பிடித்திருக்கும் விரல்கள் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். பிறேக் பிடிக்க வேண்டுமென்றால் விரலுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

என் நண்பன் இந்தக் குளிரோடு தினமும் சண்டை போட்டான். ஒருநாள் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கைகாலெல்லாம் பூசிக்கொண்டு வந்தான். புன்னாலைக்கட்டுவன் வளைவில் கை வழுக்கி வேலியோடு போய்ச் சாய்ந்தான். இன்னொருநாள் பொலித்தீன் பைக்குள் காலை விட்டுச் சணல் கயிற்றால் கட்டினான். உள்ளே வியர்த்து, அந்த ஈரமே பிறகு ஐஸாகிவிட்டது என்று வழிநெடுகப் புறுபுறுத்தான். கடைசியில் அவனுக்குச் சரிவந்தது பனங்கிழங்கு. அவன் மனைவி விடியவே கிழங்கு அவிப்பாள். பானையிலிருந்து எடுத்த சூட்டோடு காற்சட்டையின் இரண்டு பொக்கற்றிலும் கிழங்கைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் ஓட்டியபடி மற்றக் கையைப் பொக்கற்றுக்குள் விடுவான். உரும்பிராய்ச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது அதையே உரித்துத் தின்பான்.

"உனக்கு வேண்டாமே?" என்று எனக்கும் ஒன்றை நீட்டுவான்.

"தின்ன வேணுமெண்டால் தா. சூட்டுக்கு வேண்டாம்," என்பேன். "என்ரை காலுக்குக் குளிர் பிடிக்காது."

"உனக்கென்ன, மீன் ரத்தம்," என்பான் அவன்.

அந்த வருடம் ஆவணியில்தான் எனக்குக் கலியாணம் நடந்திருந்தது. மனைவி பிள்ளைத்தாய்ச்சி. வெளிநாட்டுச் சாமான்கள் கடைக்கு வராத காலம் அது. கம்பளியில் கையுறையோ காலுக்குப் போடும் மேசோ காசு கொடுத்தாலும் கிடைக்காது. அவளுடைய பெரியப்பா நுவரெலியாவில் வேலை செய்த நாளில் போட்ட பழைய மண்ணிறச் சுவெற்றர் ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. அதை நூல் நூலாகப் பிரித்து, கழுவி, கொடியில் காயவைத்து, விரல் நுனி மட்டும் வெளியே தெரியும்படி எனக்கு ஒரு சோடிக் கையுறையும், ஒரு சோடி மேசும் பின்னினாள். அளவு பார்க்கக் கூப்பிட்டபோது நான் இடது காலை மட்டும் நீட்டினேன்.

"மற்றக் காலுக்குத் தேவையில்லை. அது குளிராது," என்றேன்.

"ஒரு காலுக்கு மட்டும் மேசு போட்டுக்கொண்டு போனால் சனம் சிரிக்கும். ரெண்டையும் போடுங்கோ," என்றாள்.

போட்டேன். மேசுக்கு மேலே பட்டி வைத்த செருப்பு. பார்க்க அவ்வளவு வடிவில்லை. ஆனால் இடது காலுக்கு அது சொர்க்கமாக இருந்தது.

தை பிறந்து சில நாட்களில் ஒரு காலை, வழியில் பிடித்த மழை உரும்பிராய் வரைக்கும் விடவில்லை. சந்தியில் வழக்கமாக நிற்கும் தேத்தண்ணிக் கடைக்குள் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு ஓடினோம். கடைக்காரர் மழைநாளில் வாடிக்கையாளருக்காக ஒரு காரியம் செய்வார். பழைய பிஸ்கற் தகரம் ஒன்றுக்குள் சிரட்டைக் கரியைத் தணலாக்கி, ஆட்கள் இருக்கும் வாங்குக்கு முன்னால் நிலத்தில் வைப்பார். அன்றைக்கும் வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் வாங்கில் இருந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தகரத்துக்குக் கிட்டக் காலை நீட்டினோம். நண்பன் தன் காலைக் கிட்டக் கொண்டுபோவதும் இழுப்பதுமாக இருந்தான். எனக்கு இடது பாதத்தில் சூடு இதமாக ஏறியது. வலது பாதத்தை நான் எங்கே வைத்தேன் என்று கவனிக்கவில்லை. தேத்தண்ணிக் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி மரக்காலையில் அன்றைக்கு இறங்கவிருந்த லொறி பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

நண்பன் மூக்கைச் சுளித்தான். "என்ன, மயிர் பொசுங்கிற மணம் வருது."

"அடுப்படியிலையாக்கும்," என்றேன்.

அவன் குனிந்தான். பிறகு அவன் குரல் மிக மெதுவாக வந்தது. அவன் அப்படிக் கதைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"மச்சான், உன்ரை கால் எரியுது."

கீழே பார்த்தேன். என் வலது பாதத்தின் பக்கவாடு தகரத்தின் விளிம்பில் படிந்து, சின்ன விரல் தணலுக்குள் கிடந்தது. மண்ணிற நூல் சுருண்டு கருகி, அதிலிருந்து மெல்லிய புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ ஒருவருடைய கால் எரிகிறது, யாராவது அதை எடுத்துவிட வேண்டும் என்பது போலத்தான் அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது. என் காலை இழுத்து எடுத்தது நான் அல்ல, அவன். கடைக்காரர் ஓடிவந்து செம்புத் தண்ணீரை ஊற்றினார். கருகிய கம்பளியை உரித்தபோது அதோடு தோலும் சேர்ந்து வந்தது. கடைக்குள் இருந்த நாலைந்து பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நோகுதா?" என்று நண்பன் கேட்டான்.

"இல்லை," என்றேன்.

அதைச் சொன்ன பிறகுதான் அது எனக்கே விளங்கியது. கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குத் தெரிகிறது. காலைப் பார்த்து அல்ல, "இல்லை" என்ற சொல்லைக் கேட்டுத்தான் அவன் பயந்துபோனான்.

என் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு, அவன் சைக்கிள் பாரில் என்னை இருத்தி மருதனார்மடம் வழியாக மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மழை விட்டிருந்தது. வழியெல்லாம் அவன் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது.

புண்ணைக் கழுவிக் கட்டியது ஒரு லேடி டொக்டர். நடுத்தர வயது, நிதானமாகக் கதைப்பவர். எப்படிச் சுட்டது என்று கேட்டார். சொன்னேன். எவ்வளவு நேரம் கால் தணலில் இருந்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு வெளிச்சம் உள்ள ஜன்னலோரம் என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார்.

"கண்ணை மூடுங்கோ தம்பி. நான் ஊசி முனையாலை தொடுவன். தொடுறது தெரிஞ்ச உடனை ஓம் எண்டு சொல்லுங்கோ."

கையில் தொட்டார். ஓம் என்றேன். இடது காலில் தொட்டார். ஓம், ஓம் என்றேன். பிறகு அவர் ஒன்றும் செய்யவில்லை. காத்திருந்தேன். வெளியே யாரோ வாளி தூக்கிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு குழந்தை இருமியது. அவர் ஏன் சும்மா நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"வலது காலிலை எப்ப தொடங்கப் போறியள், டொக்டர்?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது தம்பி," என்றார். "கண்ணைத் திறவுங்கோ."

கண்ணைத் திறந்தேன். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக, சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள் வரிசையாக நின்றன. அத்தனை தடவை குத்தியிருக்கிறார். நான் வாளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

அவர் என் முழங்காலின் பக்கத்தில் விரலை வைத்து உள்ளே ஒரு நரம்பை உருட்டிப் பார்த்தார். இடது முழங்காலிலும் அதே இடத்தைப் பார்த்தார். தொடையின் பின்பக்கத்தில் மங்கலாக ஒரு தேமல் இருப்பதைக் காட்டி, இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பிறகு கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு இருந்துகொண்டு சொன்னார். சுற்றிவளைக்கவில்லை.

"இது குட்ட நோய். தொடக்கம்தான். உங்களுக்குக் கேக்கப் பயமா இருக்கும். ஆனால் மருந்துக் குளுசை இருக்கு. விடாமல் கனகாலம் போட வேணும். போட்டால் மாறும், மற்ற ஆக்களுக்கும் தொத்தாது. செத்த உணர்ச்சி திரும்பி வருமெண்டு நான் சொல்லமாட்டன்."

அவர் பிறகு சொன்னவை எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்தச் சொல் ஒன்றுதான் மண்டைக்குள் நின்றது. எங்கள் ஊர்த் தேர்முட்டிக்குப் பக்கத்தில் திருவிழாக் காலத்தில் துணி சுற்றிய கையை நீட்டிக்கொண்டு இருப்பவர்களுக்கு உரிய சொல் அது. எனக்கு இருபத்தாறு வயது. விடிய எழும்பும்போது நான் சைக்கிளில் வேலைக்குப் போகிற ஒரு மனிசன். இன்னும் மத்தியானம்கூட ஆகவில்லை.

வெளியே வாங்கில் நண்பன் இருந்தான். நான் வந்ததும் எழும்பி, என் கைக்குள் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.

"என்னவாம்?"

சொன்னேன். மறைக்க வேண்டும் என்று யோசிக்கும் அளவுக்குக்கூட எனக்குத் தெளிவு இருக்கவில்லை. அவன் தோளை எடுக்கவில்லை. ஆனால் மற்றக் கையை மெதுவாகத் தன் காற்சட்டையில் துடைத்தான். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. அவன் அறிந்து செய்யவில்லை என்று நினைக்கிறேன். நான் பார்த்துவிட்டேன்.

"நீ பஸ்ஸிலை போ, மச்சான். உந்தக் காலோடை பாரிலை இருக்க ஏலாது. உன்ரை சைக்கிளை நான் கொண்டுவாறன்," என்றான்.

நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் பஸ்ஸில் இருந்து வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பி உடைத்துப் பார்த்தேன். அடுத்த நாள் விடிய என் சைக்கிள் எங்கள் வேலியில் சாத்திக் கிடந்தது. கொண்டுவந்து விட்டவன் படலையைத் தட்டவில்லை.

மனைவிக்குச் சொல்ல நான் பட்ட பாடு வேறு. சொல்லி முடித்ததும் அழுவாள், தாய்வீட்டுக்குப் போகிறேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழும்பிப்போய் என் சேட்டுப் பையிலிருந்த நீலப் பென்சிலை எடுத்துவந்தாள். தன் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள்.

"காலைக் காட்டுங்கோ."

"ஏன்?"

"எங்கை வரைக்கும் இருக்கெண்டு பாப்பம். கண்ணை மூடுங்கோ."

கட்டுக்கு மேலிருந்து தொடங்கி முழங்கால் வரைக்கும் அவள் குத்திக்கொண்டு வந்தாள். எங்கே நான் "ஓம்" என்றேனோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தாள். என் காலில் ஒரு நீல எல்லை நின்றது. அதற்கு அந்தப் பக்கம் நான் இல்லை. அதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இஞ்சருங்கோ," என்றாள். "நீங்கள் ஒரு செருப்போடை வீட்டுக்குள்ளை வருவியள், ஞாபகம் இருக்கே? மற்றது முத்தத்திலை கிடக்கும். நான் நினைச்சன் உங்களுக்கு மறதி எண்டு. கழண்டது தெரியாமல்தானே வந்திருக்கிறியள்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தன்மேலேயே கோபப்பட்டு அழுதாள். செருப்பைப் பொறுக்கித் தந்தேனே ஒழிய ஒருநாளும் யோசிக்கவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வீட்டில் மற்றவர்களுக்கும் அவளே சொன்னாள். அப்பா இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்று, அந்தக் குளுசை சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா என்று கேட்டார். பின்னர் என்றேன். சரி என்று போய்விட்டார். பிறகு வந்த காலம் முழுக்க, என் சாப்பாடு பிந்தினால் அடுப்படியில் அவர் குரல் கேட்கும்.

மனைவியும் வீட்டாரும் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. என் புண் ஆறச் சுணங்கியது. நோகாத புண் ஆறுகிறதா இல்லையா என்று எப்படி அறிவது? தினமும் கட்டை அவிழ்த்துக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. நண்பன் வரவில்லை. மரக்காலைக்குப் போகிறான் என்று அறிந்தேன். எங்கள் ஒழுங்கையால்தான் அவன் போக வேண்டும். விடியற்காலையில் அவன் சைக்கிள் செயின் சத்தம் கேட்கும். அது எங்கள் படலையடியில் மெதுவாகும், பிறகு வேகம் பிடித்துப் போகும்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெள்ளைச் சேட்டோடு வந்து படலையில் நின்றான்.

"உள்ளுக்கு வா," என்றேன்.

வரவில்லை. படலைக் கம்பைப் பிடித்தபடியே சொன்னான். "நான் பயந்திட்டன், மச்சான். அண்டைக்குப் பின்னேரமே மனிசியையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு டொக்டரட்டைப் போனனான். எல்லாரையும் பாத்தவ. ஒண்டுமில்லையாம். பிறகும் திரும்பப் போனனான். அப்பவும் ஒண்டுமில்லையாம். அந்த டொக்டர் மனிசி என்னை ஏசிப்போட்டுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெண்சாதி என் காலில் கோடு கீறிக்கொண்டிருந்த அதே பின்னேரம் இவன் தன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறான் என்று நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது. அதே நேரம், அவன் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒன்றாக எனக்குள் நின்றன.

"வந்து ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்," என்றேன்.

"ஓம்," என்றான். "கேட்டிருக்கலாம்."

படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். மனைவி செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அது நான் குடிக்கும் செம்பு என்று சொன்னேன். "தெரியும்," என்று சொல்லி, அண்ணாந்து ஊற்றாமல் வாயை வைத்துக் குடித்தான். முழுவதையும் குடித்தான். பிறகு, எப்ப வேலைக்கு வருகிறாய் என்று கேட்டான்.

பங்குனியில் மறுபடி ஒன்றாகப் போகத் தொடங்கினோம். உரும்பிராய்ச் சந்தியில் இறங்க எனக்குத் தயக்கம். கடைக்காரருக்குச் செய்தி எட்டியிருக்கும், கிளாஸைத் தனியாக வைப்பார் என்று நினைத்தேன். அவர் எங்களைக் கண்டதும் அடுப்பை விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, நீர் பொலிசிலை ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

அந்த மனிதர் இவ்வளவு காலமும் தன் தணல் தகரத்தால் ஒருவனுடைய கால் போய்விட்டது என்று நினைத்துப் பயந்து, சில நாட்கள் கடையையும் பூட்டிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறார். என் நோயைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது; என் சைக்கிளை எடுத்ததோடு நண்பனும் பிறகு அங்கே இறங்கவில்லையாம். நான் சொன்னேன். அவருக்கு அதில் பாதிதான் ஏறியது. தகரத்தில் பிழையில்லை என்பது மட்டும் நன்றாக விளங்கியது. அன்றைக்கு எங்களிடம் காசு வாங்கவில்லை.

வைகாசியில் மகள் பிறந்தாள். ஒவ்வொரு முறை நான் குளுசைக்குப் போகும்போதும் அவளையும் கொண்டுபோவோம். மூன்று வயதளவில் ஒருநாள் டொக்டர் அவளை மேசையில் இருத்தித் தோலெல்லாம் பார்த்துவிட்டு, விளையாட்டாகக் கழுத்தில் கிடந்த நெஞ்சு பார்க்கும் குழாயின் முனையை அவள் உள்ளங்காலில் வைத்தார். அவள் காலை வெடுக்கென்று இழுத்து டொக்டரின் கையில் ஒரு உதை விட்டாள். டொக்டர் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்க முடியாமல் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

குளுசை பல வருடம் ஓடியது. கோடு அதற்குப் பிறகு மேலே ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. சின்ன விரலின் நுனி போய்விட்டது. நடையில் பெரிதாகத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், இனிமேல் போடத் தேவையில்லை என்று டொக்டர் சொன்னார். சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் விடிய, சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல் தண்ணீரைக் கையில் எடுத்தேன். போடுவதற்கு ஒன்றும் இல்லை. இனிக் கோடு மறுபடி ஏறத் தொடங்குமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லைக் கேட்ட நாளில்கூட அப்படிப் பயந்தேனோ தெரியாது. கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன யோசிச்சுக்கொண்டிருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை."

"தண்ணியைக் குடிச்சிட்டு எழும்புங்கோ. வேலைக்கு நேரம் போகுது."

குடித்தேன். எழும்பினேன்.